மூடி எங்கே இருக்கிறது?

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். இவற்றுள் முதலாவதை வகுப்பில் விளக்கும்போது மாணவர் முகங்களில் ஒரு குறும்புச் சிரிப்பு படர்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். கால் கழுவி வந்தான் என்பது வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. அவையில் சொல்லத் தகாத ஒன்றை வேறொரு சொல்லால் மறைத்துரைப்பது நாகரிகம். அதில் பழிக்க ஏதுமில்லை. ஆனால் நம்மவர் சொல்லுக்கு வகுத்த அந்த இலக்கணத்தைப் பொருளுக்கும் நீட்டித்துவிட்டனர். சொல்ல வெட்கப்படும் ஒன்றைப் பார்க்கவும் மறுத்து, மண்ணைப் போட்டு மூடி, அதன்மேல் தளக்கல் பதித்து, அந்தக் கல்லின்மேல் காரை நிறுத்திவிடுகின்றனர்.

வீட்டுச் செப்டிக் டேங்கைப் பற்றித்தான் பேசுகிறோம். இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இதென்ன பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். கசடு என்னும் சொல்லைத் தமிழ் மாணவன் வள்ளுவரின் கல்வி அதிகாரத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறான். அதே சொல்லைத்தான் இன்று நகராட்சி ஆவணங்கள், தொட்டியின் அடியில் தங்கும் பொருளுக்கு இட்டு வழங்குகின்றன. வள்ளுவர் அவையறிதலில் அங்கணத்தையும் உவமையாக ஆண்டிருக்கிறார். சாக்கடையை எண்ணிப் பார்ப்பதற்கு அவர் கூசவில்லை.

வீடு கட்டுவோரைக் கவனித்துப் பாருங்கள். வாயிற்கதவு தேக்கா வேங்கையா என்று மூன்று மாதம் விவாதம் நடக்கிறது. பூசையறைக்கு எந்தத் திசை, படிக்கட்டுக்கு எத்தனை படி என்றெல்லாம் ஆலோசனை நீள்கிறது. தொட்டியைப் பொறுத்தவரை ஒரே ஒரு வினாதான்: அது வாயு மூலையில் வருகிறதா? மனையடி சாத்திரம் சரியென்று சொல்லிவிட்டால், எஞ்சியவை அனைத்தும் மேஸ்திரியின் பொறுப்பு. எத்தனை அறை, எவ்வளவு ஆழம், அடித்தளம் பூசப்பட்டதா, வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று கேட்கும் வீட்டுக்காரர் அரியர். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கு மாடத்தையும் மாடித் தோட்டத்தையும் சுற்றிக் காட்டுவார்கள். தொட்டியை யாரும் காட்டுவதில்லை. ஐந்தாண்டு கழித்து அந்த வீட்டாரிடமே மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்று கையை வீசிக் காட்டுகிறார்கள்.

இத்தொட்டி நம் வீடுகளுக்கு வந்த வரலாறு நெடியதன்று. கக்கூஸ் என்பதே ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்த சொல். அதற்கு முன்னொட்டாக எடுப்பு என்று சேர்த்துப் பேசிய காலத்தை ஐம்பது வயது கடந்தவர் அறிவர். தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படித்தவர்களுக்கு, ஆலப்புழையின் மூன்று தலைமுறைத் தோட்டிகளின் வாழ்வு மறக்காது. வாளியிலும் வண்டியிலும் மனிதன் சுமந்ததை நீர் சுமந்து செல்லும் என்னும் நம்பிக்கையோடுதான் செப்டிக் டேங்க் வந்தது. அந்த வகையில் அது ஒரு விடுதலைக் கருவி. சுமந்தவனையே பிறகு உள்ளே இறக்குவார்கள் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தொட்டி செயற்படும் முறை எளிது. 1860களில் பிரான்சு நாட்டின் மூராஸ் என்பவர் தம் வீட்டுக் கழிவுக்காக மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். 1890களில் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அதைச் செம்மைப்படுத்திச் செப்டிக் டேங்க் என்று பெயரிட்டார். செப்டிக் என்பதற்கு அழுகச் செய்வது என்று பொருள். கழிவு முதல் அறைக்குள் வந்து அமைதியாகத் தங்குகிறது. கனத்தது அடியில் படிந்து கசடாகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவிலுள்ள ஓரளவு தெளிந்த நீர் இரண்டாம் அறைக்குச் சென்று, அங்கும் சற்றே தங்கி, உறிஞ்சுகுழிக்குப் போகிறது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கசடில் ஒரு பகுதியைத் தின்று குறைக்கின்றன. முழுவதையும் அவை தின்பதில்லை. எஞ்சியது ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு சொற்பிழையைச் சுட்டியாக வேண்டும். தொட்டி நிறைந்துவிட்டது, வண்டியைக் கூப்பிட வேண்டும் என்கிறார்கள். செப்டிக் டேங்க் என்றால் எப்போதும் நிறைந்தே இருக்கும்; வெளிவாய் மட்டத்துக்கு நீர் நின்றால்தான் அது வேலை செய்கிறது. மாறுவது அதன் அடியிலுள்ள கசடின் உயரம். கசடு ஏற ஏற, நீர் தங்கித் தெளிவதற்கான இடம் சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் கழிவு தெளியாமலே இரண்டாம் அறைக்கும் உறிஞ்சுகுழிக்கும் பாய்கிறது. குழியின் மண்துளைகள் அடைபட்ட பிறகுதான் கழிவறையில் நீர் இறங்காமல் நிற்கும். அன்று வண்டியைக் கூப்பிடுவது, பல்லெல்லாம் ஆடிய பிறகு பல்பொடி வாங்குவதைப் போன்றது.

இதைவிட வியப்பானது வேறொரு பெருமிதம். "எங்கள் வீட்டுத் தொட்டி கட்டி இருபது வருடமாயிற்று, ஒருமுறைகூட எடுக்கவில்லை" என்று மார்தட்டுவோரை ஒவ்வோர் ஊரிலும் காணலாம். கேட்போரும் கட்டிய மேஸ்திரியின் பெயரை விசாரிக்கிறார்கள்! இருபது ஆண்டாக நிறையாத தொட்டி பெரும்பாலும் தொட்டியே அன்று. அது ஓட்டைப் பானை. அடித்தளம் போடாமல் மண்ணாகவே விட்டிருப்பார்கள், அல்லது செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பியிருப்பார்கள். கழிவு முழுவதும் நேரே நிலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வீட்டார் சேமித்த வண்டிக் கூலியைப் பக்கத்து வீட்டுக் கிணறு செலுத்திக்கொண்டிருக்கிறது.

சிறு மனைகளில் செங்கல் தொட்டியும் இல்லை, உறை இறக்கிவிடுகிறார்கள். சிமெண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு மூடி போட்டால் வேலை முடிந்தது. உறை என்னும் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு ஒரு நெருடல் உண்டாகும். பட்டினப்பாலை உறைகிணற்றைப் பேசுகிறது. கீழடி அகழாய்வில் சுடுமண் உறைகள் அடுக்கிய கிணறுகள் வெளிப்பட்டன. குடிநீர் காக்கக் கண்ட அதே நுட்பத்தை, அதே பெயரோடு, இன்று குடிநீரைக் கெடுக்கும் குழிக்குப் பயன்படுத்துகிறோம். சிலப்பதிகாரத்து மதுரையின் சுருங்கையைக் குறித்துப் பட்டிமன்ற மேடைகளில் முழங்குவோர், தம் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருநாள் பின்தொடர்ந்து பார்த்தால் நன்று. பல வீடுகளில் அது தெருவோர மழைநீர் வாய்க்காலில் போய் முடிகிறது. இரவோடிரவாகப் பதித்த குழாய் என்பதால் எந்த வரைபடத்திலும் அது இராது.

மண் வடிகட்டிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் உண்மை உண்டு. போதிய தொலைவு இருந்தால் வடிகட்டும். எவ்வளவு தொலைவு என்பதற்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2470 என்னும் நெறிமுறை விடை சொல்கிறது. கிணறு முதலிய குடிநீர் ஆதாரங்களிலிருந்து உறிஞ்சுகுழி குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அது வகுத்த அளவு. பதினெட்டு மீட்டர் என்பது 59 அடி. இனி நம்மூரின் புதிய நகர்களைப் பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு சோளம் விளைந்த நிலம் இன்று முப்பதுக்கு நாற்பது அடி மனைகளாகக் கூறிடப்பட்டிருக்கிறது. சதுர அடியில் சொன்னால் 1200. ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் இடையே கோணலாக அளந்தால் கிடைப்பது 50 அடி. பிதாகரசு வந்தாலும் இதற்குள் 59 அடியைத் தேடித் தர முடியாது. ஆக, தன் மனைக்குள்ளேயே ஆழ்துளைக் கிணறும் உறிஞ்சுகுழியும் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் நெறிமுறையை மீறியே நிற்கிறது. அடுத்த மனையின் குழி நம் கிணற்றுக்கு இன்னும் அருகில் இருக்கக்கூடும் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வாயு மூலைக்கும் ஈசானிய மூலைக்கும் இடையே பொருத்தம் பார்த்த சாத்திரம், பக்கத்து வீட்டாரின் வாயு மூலை நம் ஈசானியத்தை ஒட்டி வருவதைக் கண்டுகொள்ளவில்லை.

சென்ற மழைக்காலத்தில் நம் தெருவில் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு கண்டது. கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சிறு புட்டிகள் சிலவற்றைக் கொணர்ந்து வீடுதோறும் கிணற்று நீரைப் பிடித்து வைத்தார். நீரில் மலத்தொற்று இருந்தால் ஓரிரு நாளில் புட்டி நீர் கருத்துவிடும் என்பது அச்சோதனை. பாதிக்கு மேற்பட்ட புட்டிகள் கருத்தன. அவற்றை வரிசையாகத் திண்ணையில் வைத்துத் தெருவாரை அழைத்துக் காட்டினோம். ஒருவர், "நாங்கள் கேன் தண்ணீர்தானே குடிக்கிறோம்" என்றார். பாத்திரம் கழுவுவதும் பல் துலக்குவதும் எந்த நீரில் என்று நண்பர் கேட்டதற்கு விடை வரவில்லை. மற்றொருவர் புட்டிகளில் எது யார் வீட்டு நீர் என்பதை அறிவதிலேயே ஆர்வமாக இருந்தார். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஊர்க் கிணறு ஒன்றாக இருந்தபோது நீர் கெட்டால் ஊரே கூடியது. வீட்டுக்கொரு கிணறு ஆனபின் அவரவர் நீர் அவரவர் கவலை என்றாகிவிட்டது. நிலத்தடியில் மதிற்சுவர் கிடையாது என்பதைத்தான் நம்ப மறுக்கிறார்கள்.

தொட்டியைச் சோதிப்பது கடினமான கலை அன்று. முதலில் மூடியைக் கண்டுபிடிக்க வேண்டும்; தளக்கல்லுக்கு அடியில் புதைந்திருந்தால் அதை வெளிக்கொணர்ந்து, எளிதில் திறக்கக்கூடியதாக, ஆனால் குழந்தைகள் தூக்க முடியாததாக அமைக்க வேண்டும். ஆளைக் கொண்டு திறந்து, சற்றே விலகி நின்று, காற்று வெளியேற விட வேண்டும். பீடி, தீக்குச்சி எதுவும் அருகில் ஆகாது; உள்ளே எரியக்கூடிய வாயு உண்டு. நீண்ட கழி ஒன்றின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, மெல்ல அடிவரை இறக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தால், கசடு ஏறியிருக்கும் உயரம் துணியில் கறையாகத் தெரியும். நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது எட்டியிருந்தால் வண்டியை அழைக்கும் காலம் வந்துவிட்டது. இத்தனைக்கும் ஒருவரும் உள்ளே தலையை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அளந்து பார்த்து எடுப்பது அதனினும் சிறப்பு.

பழுதுகளும் பெரும்பாலும் சிறியவையே. நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டி வடிவக் குழாய் இருக்க வேண்டும். மேலே மிதக்கும் ஏடு அடுத்த அறைக்குத் தப்பிவிடாமல் அதுதான் காக்கிறது. பல தொட்டிகளில் அது முதலிலிருந்தே இல்லை, அல்லது உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. வாயுக் குழாயின் தலையில் கொசுவலை இல்லையென்றால் அந்தத் தொட்டி தெரு முழுவதற்கும் கொசு வளர்த்துத் தரும். மேல்மூடிச் சிலாப்தான் உயிரோடு தொடர்புடையது. உள்ளிருந்து எழும் வாயு காரையை அரித்துக் கம்பியைத் துருவாக்கிவிடுகிறது. மேலே பார்க்கும்போது உறுதியாகத் தோன்றும், கீழ்ப்புறம் உதிர்ந்திருக்கும். அதன்மேல் துணி துவைப்பவர்களும் விளையாடும் குழந்தைகளும் எப்போதும் உண்டு. சிலாப் உடைந்து உள்ளே விழுந்தவர்களைப் பற்றிய செய்தி நாளேடுகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய தொட்டியைக் கைவிட்டுப் புதிது கட்டுவோர் பழையதைக் காலிசெய்து மண்ணிட்டு நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுவது இன்னும் கொடிது.

எவற்றைப் போடலாகாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: உடலிலிருந்து வந்ததும் நீரும் தவிர வேறெதுவும் ஆகாது. அணையாடையும் நெகிழிப் பையும் அங்கே அழுகுவதே இல்லை. அமிலத்தையும் பினாயிலையும் நாள்தோறும் புட்டி புட்டியாக ஊற்றினால் வேலைசெய்யும் நுண்ணுயிர்கள் செத்தொழியும். பிறகு அவற்றை உயிர்ப்பிக்கவென்று கடையில் ஒரு தூள் வாங்கிக் கொட்டுகிறார்கள். மனிதக் குடலிலிருந்தே நாள்தோறும் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் வந்து சேரும் இடத்துக்குத் தனியே தூள் எதற்கு? எந்தத் தூளும் கசடை முற்றாகக் கரைத்து வண்டியைத் தேவையற்றதாக்கிவிடாது.

இனி, எழுதத் தயங்கினாலும் எழுதாமல் விடக்கூடாத பகுதி. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது ஐதரசன் சல்பைடு. குறைந்த அளவில் மூக்கைத் துளைக்கும். அளவு மிகும்போதோ நுகரும் ஆற்றலையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று எண்ணும் கணம்தான் மிகக் கொடிய கணம். உயிர்வளியும் அங்கே போதாது. இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரை மீட்க அடுத்தவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். இத்தகைய செய்திகளில் இறந்தோர் எண்ணிக்கை இரண்டு, மூன்று என்று வருவதற்கு இதுவே காரணம். பின்னால் இறங்கியவர் பெரும்பாலும் முன்னவரின் உறவினராகவோ நண்பராகவோ இருப்பார்.

உலர் கழிப்பறைகளையும் மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையையும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரித்து, பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கி வேலை வாங்குவதையும் குற்றமாக்கியது. முதன்முறைக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். நகராட்சி, ஒப்பந்ததாரர் என்று மட்டும் அச்சட்டம் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த ஒரு நபரும் என்கிறது. அதாவது, தேநீர் வாங்கிக் கொடுத்து, கூலி பேசி, "கொஞ்சம் இறங்கி அடியைச் சுரண்டிவிடப்பா" என்று சொல்லும் வீட்டுக்காரரும் குற்றவாளியே. இப்படி இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டுமென்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வெளிவந்தபோது அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் நம் நண்பர் வட்டத்தில் பலர் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டுத் தொட்டியை அடுத்தமுறை எடுக்கும்போது அருகில் நின்று, உள்ளே ஆள் இறங்க வேண்டாம் என்று சொல்வார்கள் என்பதே நம் கேள்வி. இறக்கப்படுபவர் எந்தச் சமூகத்தினர் என்பதை எவரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். வாளி போய்க் குழாய் வந்தது, வண்டி வந்தது. அந்த ஒன்று மட்டும் மாறவில்லை.

அடியைச் சுரண்ட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இதில் பெருங்கொடுமை. சிறிது கசடு தங்கியிருப்பது தொட்டிக்கு நல்லது. அதிலிருந்துதான் நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகும். பாத்திரம் துலக்குவதுபோல் தொட்டியையும் பளிச்சென்று துலக்கிவிட வேண்டும் என்னும் ஆசைக்கு உயிர்கள் பலியாகின்றன. பத்தாண்டு எடுக்காமல் விட்டால் கசடு இறுகிப்போய்க் குழாயால் உறிஞ்ச இயலாமற் போகிறது. அப்போதுதான் ஆளை இறக்கும் எண்ணம் தலைதூக்குகிறது. ஆகவே உரிய காலத்தில் எடுப்பது வெறும் வீட்டுப் பராமரிப்பு அன்று. இறுகிப்போன தொட்டியிலும் நீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்ச வழியுண்டு. நேரமும் கூலியும் சற்றே மிகும், அவ்வளவுதான்.

வண்டி வந்து உறிஞ்சிச் சென்றபின் அந்தக் கசடு எங்கே போகிறது? மின்கம்பங்களிலும் மதில்களிலும் தொலைபேசி எண் எழுதி வைத்திருக்கும் அந்த வண்டிக்காரர்களை நம்மவர் பணம் கொடுக்கும்வரைதான் அறிவர். இருட்டிய பின் ஏரிக்கரையிலோ ஓடையிலோ புறவழிச்சாலையின் ஓரத்திலோ குழாயைத் திறந்துவிடுவது பல ஊர்களில் கண்கூடு. வண்டிக்காரரை மட்டும் பழிப்பது அறமாகாது. முறையாகக் கொட்டுவதற்கு ஓர் இடத்தை அவருக்கு நெடுங்காலம் எவரும் காட்டவில்லை. தமிழக அரசு 2014இல் கசடு மேலாண்மைக்கான நடைமுறை விதிகளை வெளியிட்டது. கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது; அண்டையிலுள்ள மதுராந்தகத்தின் கசடும் அங்கே வருகிறது. கோவையை ஒட்டிய பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் இத்தகைய முயற்சி நடந்தது. திருச்சியில் வண்டிகள் கழிவுநீரேற்று நிலையங்களில் கொட்ட ஏற்பாடு உண்டு. அங்கிருந்து அது பஞ்சப்பூருக்குச் செல்கிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த திருத்தங்களும் விதிகளும் இவ்வண்டிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றாக்கின. எனவே, வண்டியை அழைக்கும்போது கூலியைப் பேசுவதற்கு முன் உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டுவீர்கள் என்று இரண்டு கேள்விகள் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. மலிவாக வரும் வண்டி ஏன் மலிவாக வருகிறது என்பதற்கு ஏரிதான் விடை சொல்லும்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தால் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு: பாதாளச் சாக்கடைதான் வரப்போகிறதே! ஊர் பேரூராட்சியாக இருந்தபோது இதைச் சொன்னார்கள். நகராட்சியான பின்னும் சொல்கிறார்கள். பாதாளச் சாக்கடை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஏராளமான பணமும், தோண்டுவதற்கு அகலமான தெருவும், நாள்தோறும் தள்ளிவிடப் போதிய நீரும், இறுதியில் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். வந்தாலும் பழைய கடைத்தெருக்களுக்குத்தான் முதலில் வரும்; ஊரின் விளிம்பில் முளைத்துக்கொண்டே போகும் நகர்களைக் குழாய் துரத்திப் பிடிப்பதற்குள் ஊர் இன்னும் ஒரு கல் தொலைவு ஓடிவிடும். வளரும் ஊர்களுக்குச் செப்டிக் டேங்க் என்பது இடைக்கால ஏற்பாடு அன்று. அதுவே அவ்வூர்களின் கழிவுநீர்த் திட்டம். இதை ஒப்புக்கொண்டாலன்றி நகராட்சி அதற்கென ஒரு பதிவேட்டைக்கூடத் திறக்காது.

மராட்டியத்தில் வாய் என்றோர் ஊர், கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது. மராட்டி விசுவகோசம் என்னும் பெருங்கலைக்களஞ்சியம் உருவான ஊர் அது. (கலைக்களஞ்சியம் கண்ட ஊர் கசடையும் எண்ணியது நமக்கு உவப்பான பொருத்தமாகப் படுகிறது.) அங்கே 2018 முதல், வீட்டார் அழைக்கும்வரை காத்திராமல், பகுதி பகுதியாக முறைவைத்து, மூன்றாண்டுக்கொருமுறை எல்லா வீட்டுத் தொட்டிகளையும் எடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வண்டி வரும் நாளில் வீட்டார் கையில் பணம் கொடுப்பதில்லை; சுகாதார வரியாகவும் சொத்து வரியாகவும் திரட்டியதிலிருந்து நகராட்சி ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கிறது. நாசிக் மாவட்டத்துச் சின்னரும் இதே வழியில் சென்றது. இரண்டுமே பெருநகரங்கள் அல்ல, நம்மூரைப் போன்றவைதாம்.

நம்மூருக்கும் இதுவே ஏற்றது என்பது நம் கருத்து. ஒரு நடைக்கு 2500 ரூபாய் என்று கணக்கிட்டாலும் 36 மாதங்களுக்குப் பகுத்தால் மாதம் 70 ரூபாய்தான் வருகிறது. கேன் தண்ணீருக்கு ஒரு குடும்பம் செலவிடுவதை இதனோடு ஒப்பிட்டுக்கொள்க. புதுவரி என்றதும் எதிர்ப்பு எழும் என்பதை அறிவோம். அந்த எதிர்ப்பில் ஒரு நியாயமும் உண்டு: உறைக்குழியோடு ஓரறை வீட்டில் வாழ்பவரையும் மூன்றடுக்கு மாளிகைக்காரரையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. சொத்து வரியோடு இணைத்தால் அந்தக் குறை தீரும். வாடகை வீடுகளின் நிலையோ இன்னும் சிக்கலானது. குடியிருப்பவர், தொட்டி வீட்டுக்காரருடையது என்பார். வெளியூரிலிருக்கும் வீட்டுக்காரர், நிரப்பியவர்தானே எடுக்க வேண்டும் என்பார். இருவருக்கும் நடுவே கசடு இறுகிக்கொண்டிருக்கும். முறைவைத்து எடுக்கும் ஏற்பாட்டில் இந்த வழக்குக்கே இடமில்லை. சுத்திகரிப்பு நிலையம் நம் பகுதியில் வரக்கூடாது என்ற குரலும் எழாமலிராது. அக்குரல் எழுப்புவோரிடம் அமைதியாக ஒன்றைக் கேட்கலாம்: இப்போது ஏரியில் இரவில் நடக்கும் கொட்டலுக்கு எவரிடம் இசைவு பெற்றார்கள்?

கட்டட அனுமதியிலும் ஒரு திருத்தம் தேவை. வரைபடத்தில் தொட்டி ஒரு சிறு செவ்வகமாக வரையப்பட்டு முத்திரை பெறுகிறது. கட்டிய பிறகு எவரும் வந்து பார்ப்பதில்லை. மண்ணிட்டு மூடுவதற்கு முன்பே ஒரு பொறியாளர் வந்து நீர் நிரப்பிச் சோதித்து, மறுநாள் மட்டம் இறங்கவில்லை என்று கண்டபின்னரே மேற்கொண்டு வேலை நடக்க வேண்டும். மின்வாரியத்தார் மீட்டரைப் பார்க்காமல் இணைப்புக் கொடுப்பதில்லையே! அடுத்த வார்டுக் கூட்டத்தில் இதையும், முறைவைத்து எடுக்கும் திட்டத்தையும் இரண்டு தீர்மானங்களாக முன்மொழியத் தெருவாரிடம் கையொப்பம் திரட்டி வருகிறோம். புட்டி எது யார் வீட்டுடையது என்று கேட்டவர் முதல் கையொப்பமிட்டார். அவருடைய வீட்டு மூடி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கார் நிற்கும் இடத்தின் தளக்கல்லைப் பெயர்க்க வரும் ஞாயிறன்று ஆள் சொல்லியிருக்கிறாராம்.